ரிசர்ச் புராஜெக்ட் வேலை: டிப்ளமோ முதல் எம்.எஸ்சி. வரை யாருக்கு வாய்ப்பு, எவ்வளவு சம்பளம்? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஜே.ஆர்.எஃப். ஒரு இடம்", "புராஜெக்ட் அசோசியேட் இரண்டு இடம்" என்று சென்னையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் வருடம் முழுக்க அறிவிப்பு வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பு வந்தால் ஊரே பேசுகிற மாதிரி இதை யாரும் பேசுவதில்லை. காரணம், இவை பெரும்பாலும் பெரிய விளம்பரமாக வருவதில்லை. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒன்றிரண்டு பக்க பி.டி.எஃப். ஆக வரும். இரண்டு, மூன்று வாரத்தில் கடைசி தேதியும் முடிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் டிப்ளமோ, பி.இ. இளைஞர்களுக்கும், பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் இந்த வேலைகளில் இடம் இருக்கிறது. "ரிசர்ச்னா பி.எச்டி. முடிச்சவங்களுக்குத்தானே?" என்று நினைத்து பலர் அறிவிப்பைத் திறந்துகூட பார்ப்பதில்லை. அதே நேரம், "அரசு வேலை கிடைச்சிருச்சு" என்று நினைத்து இருந்த வேலையை விட்டுவிட்டுப் போய், திட்டம் முடிந்ததும் கையைப் பிசைந்து நிற்கும் ஆபத்தும் இதில் உண்டு. இரண்டையும் தவிர்க்க, இந்த வேலை எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

இது என்ன மாதிரி வேலை?

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், ஒரு ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி நிதி கேட்டு அனுப்புகிறார். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, டி.ஆர்.டி.ஓ., இஸ்ரோ, மாநில அரசுத் துறைகள், தனியார் நிறுவனங்கள் என யார் வேண்டுமானாலும் நிதி தரலாம். முன்பு செர்ப் என்ற அமைப்பு கொடுத்துவந்த நிதியை, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை கொடுக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி செர்ப் இதில் இணைக்கப்பட்டுவிட்டது.

நிதி ஒதுக்கப்பட்டதும், கருவி வாங்க இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அந்த "ஆட்களுக்கு" என்ற கணக்கில் வருவதுதான் இந்த வேலை. திட்டத்தை நடத்தும் பேராசிரியரை முதன்மை ஆய்வாளர், சுருக்கமாக பி.ஐ. என்பார்கள். நடைமுறையில் உங்கள் மேலதிகாரி அவர்தான்.

அப்போ இது அரசு வேலையா?

இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம்தான், ஐஐடி மெட்ராஸ் மத்திய அரசு நிறுவனம்தான். ஆனால் திட்டத்தில் சேருபவர் அந்த நிறுவனத்தின் நிரந்தர ஊழியர் அல்ல. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. திட்டத்துக்கு ஆயுள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். பணி ஆணை பல இடங்களில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள், பிறகு நீட்டிப்பார்கள். "இங்கே மூணு வருஷம் வேலை பார்த்தேன், என்னை நிரந்தரம் ஆக்குங்க" என்று கேட்க முடியாது. அறிவிப்பிலேயே இதை எழுதிவிடுவார்கள்.

என்னென்ன பதவிகள்? தகுதி என்ன? தொகை எவ்வளவு?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நிர்ணயித்த தொகைகளைத்தான் பெரும்பாலான மத்திய அரசு நிதித் திட்டங்கள் பின்பற்றுகின்றன. ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப்., ஆர்.ஏ. ஆகியவற்றுக்கான தொகை 2023 ஜூனில் உயர்த்தப்பட்டு, அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்ற திட்டப் பணியாளர்களுக்குக் கீழே இருப்பது 2020 ஜூலை உத்தரவில் உள்ள தொகை. இது அவ்வப்போது மாறும் என்பதால், உங்கள் கையில் இருக்கும் அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறதோ அதையே இறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

• ஃபீல்டு ஒர்க்கர் அல்லது அறிவியல் நிர்வாக உதவியாளர்: ஏதேனும் ஒரு பட்டம். பி.ஏ. படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மாதம் 18,000 ரூபாய்.

• புராஜெக்ட் அசிஸ்டென்ட்: பி.எஸ்சி. அல்லது மூன்று வருட இன்ஜினியரிங் டிப்ளமோ. மாதம் 20,000 ரூபாய். இந்த உத்தரவின்படி வயது வரம்பு 50.

• புராஜெக்ட் அசோசியேட்-1: எம்.எஸ்சி. அல்லது பி.இ., பி.டெக். கேட் அல்லது நெட் தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தால் மாதம் 31,000 ரூபாய், இல்லை என்றால் 25,000 ரூபாய். வயது வரம்பு 35.

• புராஜெக்ட் அசோசியேட்-2: மேலே சொன்ன அதே படிப்பு, கூடவே இரண்டு வருட ஆராய்ச்சி, மேம்பாட்டு அனுபவம். கேட் அல்லது நெட் இருந்தால் 35,000 ரூபாய், இல்லை என்றால் 28,000 ரூபாய்.

• ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர்: நெட் தேர்ச்சியுடன் எம்.எஸ்சி., அல்லது கேட் மதிப்பெண்ணுடன் பி.இ., எம்.இ. படிப்பு. மாதம் 37,000 ரூபாய்.

• எஸ்.ஆர்.எஃப். எனப்படும் முதுநிலை ஆய்வாளர்: ஜே.ஆர்.எஃப். ஆக இரண்டு வருடம் முடித்து, மதிப்பீட்டுக் குழு முன் தேறியவர்கள். மாதம் 42,000 ரூபாய்.

• ஆர்.ஏ. எனப்படும் ஆராய்ச்சி இணையர்: பி.எச்டி. முடித்தவர்கள், அல்லது எம்.இ., எம்.டெக். முடித்து மூன்று வருட அனுபவமும் ஆய்வுக் கட்டுரையும் உள்ளவர்கள். மாதம் 58,000 ரூபாயில் தொடங்கி 67,000 ரூபாய் வரை மூன்று நிலைகள்.

இதோடு வீட்டு வாடகைப் படி தனி. மத்திய அரசு விதிப்படி சென்னை முதல் வகை நகரம், அங்கே இந்தப் படி 30 சதவீதம். ஜே.ஆர்.எஃப். ஒருவருக்கு 37,000-த்தில் 30 சதவீதம் என்றால் 11,100 ரூபாய். ஆக மொத்தம் 48,100 ரூபாய். ஹாஸ்டலில் அறை கொடுத்துவிட்டால் இந்தப் படி கிடைக்காது. அகவிலைப்படி, போனஸ் எதுவும் இந்த வேலைகளில் இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். மாநில அரசுத் துறையோ தனியார் நிறுவனமோ நிதி தரும் திட்டங்களில் இந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. "கன்சாலிடேட்டட் பே" என்று போட்டிருந்தால், அதில் இருக்கும் தொகை மட்டும்தான். வாடகைப் படி தனியாக வராது.

கேட், நெட் தேர்வு இருந்தால் எவ்வளவு வித்தியாசம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே லேப், ஒரே வேலை, ஒரே பி.இ. பட்டம். கேட் இல்லாத புராஜெக்ட் அசோசியேட்-1 க்கு 25,000 ரூபாய். கேட் இருந்தால் 31,000. மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு 72,000 ரூபாய். கேட் மதிப்பெண்ணோடு ஜே.ஆர்.எஃப். இடமே கிடைத்துவிட்டால், வித்தியாசம் மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000 ரூபாய். வாடகைப் படி சதவீதக் கணக்கு என்பதால் அதிலும் வித்தியாசம் வரும்.

கேட் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும். ஒரு முறை எழுதிய மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மூன்றாம் ஆண்டு பட்டப்படிப்பில் இருக்கும்போதே எழுதலாம். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வு வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் ஆகிய பிரிவுகளில் வருடத்துக்கு இரண்டு முறை நடத்தப்படுகிறது.

கல்லூரி முடிக்கும் முன்பே கேட் எழுதிவிட்டால், வேலைக்குப் போன பிறகு நைட் ஷிஃப்டுக்கு நடுவே படிக்கும் கஷ்டம் மிச்சம்.

கம்பெனி அனுபவம் கணக்கில் வருமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் கேட்கக்கூடிய கேள்வி இது. புராஜெக்ட் அசோசியேட்-2 பதவிக்கு "தொழில் நிறுவனங்களிலோ கல்வி நிறுவனங்களிலோ இரண்டு ஆண்டு ஆராய்ச்சி, மேம்பாட்டு அனுபவம்" என்றுதான் விதி சொல்கிறது. ஆகவே கம்பெனி அனுபவத்துக்கு இடம் உண்டு. ஆனால் "ஆராய்ச்சி, மேம்பாடு" என்ற சொல்தான் முக்கியம். லைனில் ஆபரேட்டராக இருந்த அனுபவத்தை இப்படிக் காட்டுவது கஷ்டம். மெட்டீரியல் டெஸ்டிங், உலோகப் பகுப்பாய்வு, கழிவுநீர்ப் பரிசோதனை, புதிய பாகம் வடிவமைப்பது போன்ற வேலை பார்த்திருந்தால் பேச முடியும். ஏற்பதும் மறுப்பதும் தேர்வுக் குழுவின் முடிவு.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அனுபவச் சான்றிதழில் "இவர் எங்கள் நிறுவனத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார்" என்று மட்டும் இருந்தால் அது குழுவுக்கு எதையும் சொல்லாது. எந்தப் பிரிவு, எந்தக் கருவி, என்ன பரிசோதனை என்று இரண்டு வரி சேர்த்து எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்ப்பவர்கள், வேலையை விடும் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. விட்ட பிறகு அலைய வேண்டியிருக்கும்.

எக்ஸ்-ரே, ஸ்பெக்ட்ரோமீட்டர், சி.என்.சி. என எந்தக் கருவியில் கைப்பழக்கம் இருந்தாலும் அதை ரெஸ்யூமில் முதல் பக்கத்திலேயே போடுங்கள். கருவியைத் தொட்டுப் பழகியவர் வந்தால், பி.ஐ.-க்கு முதல் ஆறு மாதப் பயிற்சி நேரம் மிச்சம்.

எங்கெல்லாம் தேடலாம்?

நம்ம மாவட்டத்திலேயே தொடங்கலாம்.

• ஆவடி: டி.ஆர்.டி.ஓ.-வின் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. இங்கேதான் இருக்கிறது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த இடம். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் போன்ற பிரிவுகளில் ஜே.ஆர்.எஃப். அறிவிப்பு அவ்வப்போது வரும். ஆவடியில் உள்ள வேல்டெக் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் வெளி நிதியில் நடக்கும் திட்டங்கள் உண்டு.

• பொன்னேரி: டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருப்பதால் மீன்வளம், உயிரியல் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

• கிண்டி: அண்ணா பல்கலைக்கழகம். நீர்வளம், சுற்றுச்சூழல், தொலையுணர்வு, படிக வளர்ச்சி, நானோ தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மையம். அடுத்த சில நிமிட தூரத்தில் 1959-ல் தொடங்கப்பட்ட ஐஐடி மெட்ராஸ், 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்.

• குரோம்பேட்டை: அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம். விமானவியல், எலெக்ட்ரானிக்ஸ் திட்டங்கள் அதிகம்.

• தரமணி, பள்ளிக்கரணை: தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர். வளாகம், பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து நடந்து பார்க் ஸ்டேஷன், பிறகு தாம்பரம் ரயிலில் கிண்டி. தினமும் போய் வரலாம், ஆனால் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணத்திலேயே போகும். வாடகைப் படி கிடைக்குமா கிடைக்காதா என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்தத் திட்டங்களில் என்ன சாதிக்க முடியும்?

பேப்பரில் எழுதி அலமாரியில் வைப்பது மட்டும்தான் ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அனுசாட் என்ற சுமார் 40 கிலோ எடை கொண்ட செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. - சி12 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மக்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கும் ராக்கெட்டில், ஒரு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் உழைப்பும் போயிருக்கிறது.

அதே எம்.ஐ.டி.-யின் தக்ஷா ட்ரோன் குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குழு அது. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், 2024 மே 30 அன்று 3டி பிரின்டிங் முறையில் செய்த இன்ஜினுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது. இப்படியான வேலைகளில் பேராசிரியர்களோடு சேர்ந்து இளம் ஆய்வாளர்களும் டெக்னீஷியன்களும் உழைக்க வேண்டியிருக்கும்.

அறிவிப்பை எப்படிப் படிப்பது?

பி.டி.எஃப்.-ஐத் திறந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இந்த ஐந்து இடங்களைக் கட்டாயம் பாருங்கள்.

1. "கோ-டெர்மினஸ்": திட்டம் முடியும் நாளோடு வேலையும் முடியும் என்று அர்த்தம். திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்று பாருங்கள். மூன்று வருடத் திட்டத்தில் இரண்டு வருடம் ஏற்கனவே ஓடிவிட்டிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது ஒரு வருடம்தான்.

2. "எசென்ஷியல்", "டிசைரபிள்": முதலாவது கட்டாயத் தகுதி. இரண்டாவது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். "டிசைரபிள்" பட்டியலைப் பார்த்துப் பயந்து பின்வாங்குபவர்கள் நிறைய.

3. வயது: எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள், யாருக்கு எத்தனை வருடத் தளர்வு என்று பாருங்கள்.

4. "வாக்-இன்": விண்ணப்பம் அனுப்பித் காத்திருக்க வேண்டாம், குறிப்பிட்ட நாளில் நேரே போக வேண்டும். வந்து போகும் செலவு உங்களுடையதுதான்.

5. நிதி தருபவர் யார்: மத்திய அரசுத் துறை என்றால் மேலே சொன்ன விதிகள் பொருந்த வாய்ப்பு அதிகம்.

சான்றிதழில் ஒரு சிக்கல்

தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள், மத்திய அரசு நிறுவனங்களில் வயதுத் தளர்வு கேட்கும்போது அதை மட்டும் நீட்டினால் போதாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் கிரீமிலேயரில் வராதவர் என்ற சான்று தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்தில் ஓடாமல், இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

திட்டத்தின் தலைப்பு அறிவிப்பிலேயே இருக்கும். அந்தப் பேராசிரியர் ஏற்கனவே என்ன செய்திருக்கிறார் என்று அவரது துறைப் பக்கத்தில் பாருங்கள். உங்கள் கடைசி வருட புராஜெக்ட்டைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். காசு கொடுத்து வெளியில் வாங்கிய புராஜெக்ட் என்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் சிறியதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்யுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி உதவி தருகிறது, உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயம் வேண்டாம். செய்த வேலையை எளிய வாக்கியங்களில் படிப்படியாகச் சொல்ல முடிந்தால் பெரும்பாலும் போதும்.

நீங்களும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். "திட்டம் எந்த மாதம் முடியுது?", "இங்கே பி.எச்டி. பதிவு செய்ய முடியுமா?", "நிதி வர தாமதமானா மாதச் சம்பளம் எப்படி?" கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். நிதி தவணை தவணையாக வருவதால், சில திட்டங்களில் மாதக்கணக்கில் தொகை தள்ளிப்போவது உண்டு. வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பிக் கடன் தவணை இருந்தால், இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பணம் கேட்டால் உஷார்

"யுனிவர்சிட்டியில ஆள் தெரியும், ரிசர்ச் போஸ்ட் வாங்கித் தரேன், ஐம்பதாயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். இரண்டு, மூன்று வருடத் தற்காலிக வேலைக்கு லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாறுவதைவிடக் கொடுமை வேறில்லை. வாட்ஸ்அப்பில் வரும் பணி ஆணையை, அதில் உள்ள எண்ணுக்கே அழைத்துச் சரிபார்க்காதீர்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள துறை எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

சேர்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே கடைசி நாள் தெரிந்துவிடுகிறது. அதை மனதில் வைத்துத் திட்டமிட்டால் இந்த இரண்டு, மூன்று வருடம் வீண்போகாது.

• ஜே.ஆர்.எஃப். ஆக இருந்தால் முதல் வருடத்திலேயே பி.எச்டி. பதிவுக்கு விண்ணப்பியுங்கள். வேலையில் சேர்ந்தாலே பி.எச்டி. சேர்க்கை தானாக வந்துவிடாது, அது தனி நடைமுறை. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என இரண்டு பருவங்களில் சேர்க்கை நடக்கும்.

• புராஜெக்ட் அசோசியேட், அசிஸ்டென்ட் என்றால் கேட் அல்லது நெட் தேர்வை இலக்காக வையுங்கள். கேட் எழுத முடியாத டிப்ளமோ படித்தவர்கள், லேட்ரல் என்ட்ரி அல்லது பகுதி நேர பி.இ. பற்றி யோசிக்கலாம்.

• வெளியாகும் ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பங்களிப்பு இருந்தால் பெயர் வருமா என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் சாட்சி.

• முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்த இடம் தேடத் தொடங்குங்கள்.

நிரந்தர கம்பெனி வேலையில் இருப்பவர், குடும்பத்தின் ஒரே சம்பளக்காரர் என்றால், கேட் மதிப்பெண்ணோ பி.எச்டி. திட்டமோ இல்லாமல் அந்த வேலையை விட்டுவிட்டு 25,000 ரூபாய் தற்காலிக வேலைக்குப் போவது ரிஸ்க். கான்ட்ராக்டில் இருப்பவருக்கோ, படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவருக்கோ, இது மேலே ஏற ஒரு நல்ல படிக்கட்டு. நீங்கள் இதில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்து முடிவு எடுங்கள். வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை காலை ரயிலில் போகும்போது பத்து நிமிடம் ஒதுக்கி இந்த நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.